பக்கத்துக் கட்டிலும் பக்கத்து இலையும்

வேணுகோபால் அண்ணன் வீட்டுக் கேட்டைச் சாத்திவிட்டு, பீளமேட்டிலிருந்து சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு சாக்கு. அதற்குள் இரண்டு சட்டை, ஒரு குக்கர், ஒற்றை பர்னர் அடுப்பு. அடுப்பின் கால் முதுகில் குத்திக்கொண்டே வந்தது.

அன்று காலையில்தான் என் அறையைக் காலி செய்திருந்தேன். மூன்று வருஷமாக நான் காவல் காத்த பம்ப்செட் குடோனை முதலாளி விற்றுவிட்டார். வேலை போனதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. வேலை போவதும் வருவதும் எனக்குப் பழக்கம். அடுப்புக்கு இடம் இல்லாமல் போனதுதான் கவலை. நெஞ்சுக்குள் கம்பி வலை வைத்திருக்கிற மனிதன் நான். ஓட்டல் சாப்பாட்டுக்குத் திரும்பினால் அந்த வலை எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது.

அடுப்பை இறக்கி வைக்க ஓர் இடம் சற்று முன்னால்தான் கிடைத்தது. சம்பளத்தோடு. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். காரணம் பொறாமை. வேறு நல்ல பெயர் எதுவும் அதற்கு இல்லை. அதைச் சொல்வதென்றால் ஆஸ்பத்திரியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டேன். போர்வெல் வண்டியில் மத்தியப் பிரதேசம் வரை போனேன். தாராபுரத்துப் பக்கம் காற்றாலைக்குக் காவல் இருந்தேன். ஆனைமலையில் தேங்காய் உரித்தேன். கடைசியாக சத்தியமங்கலத்தில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்தபோது தாடையில் வலி வந்தது. பல்வலி என்று நினைத்தேன். இடது கை கனத்தது. தார் தூக்கினதால் என்று நினைத்தேன். வேர்த்துக் கொட்டியபோது, "வாயுப்பிடிப்பா இருக்கும், ஒரு சோடா குடிங்" என்றார் கூட வேலை செய்தவர். குடித்தேன். சோடாவோடு கீழே விழுந்தேன்.

கோயமுத்தூருக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி எடுப்பது ஈ.சி.ஜி. இதயம் துடிக்கிற விதத்தை அது காகிதத்தில் கோடாகப் போடும். பிறகு ரத்தம் எடுத்தார்கள். இதயத்தின் தசை அடிபட்டால் அதிலிருந்து ஏதோ ஒன்று ரத்தத்தில் கசியுமாம். கசிந்திருக்கிறது என்றார்கள். பிறகு ஆஞ்சியோகிராம். மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை விட்டு, இதயம் வரை கொண்டுபோய், மருந்தைச் செலுத்திப் படம் பிடிப்பார்கள். வலி அதிகம் இல்லை. ஆனால் நம் இதயத்தின் பாதைகளை நாமே டிவியில் பார்த்துக்கொண்டு படுத்திருப்பது நல்ல அனுபவம் இல்லை. ஒரு பாதை நடுவிலேயே அற்றுப்போயிருந்தது. அதில் பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங் மாதிரி ஒரு கம்பி வலையை வைத்து விரித்தார்கள். ஸ்டென்ட் என்பது அதுதான். செலவை அரசாங்கக் காப்பீட்டு அட்டை பார்த்துக்கொண்டது.

உள்ளே கொண்டுபோகும் முன் நர்ஸ் கேட்டார்: "கூட யாருங்க வந்திருக்காங்க?"

"ஆம்புலன்ஸ் வந்துச்சுங்க" என்றேன்.

நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை. பதில் அதுதான்.

வார்டில் எனக்குப் பக்கத்துக் கட்டில் வேணுகோபால் அண்ணனுக்கு. பீளமேட்டில் நூல் மில்களுக்கு உதிரிப்பாகம் செய்கிற பட்டறை வைத்திருப்பவர். அவருக்கும் அதே நோய், அதே ஸ்டென்ட், ஏறக்குறைய அதே வயது. வித்தியாசம் கட்டிலைச் சுற்றித்தான். அவர் இருமினால் மூன்று பேர் எழுந்தார்கள். வீட்டிலிருந்து தலையணை வந்தது. பார்வை நேரத்தில் சொந்தக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். நாற்காலி போதாமல் என் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டு, எனக்கு முதுகைக் காட்டி அவரை நலம் விசாரித்தார்கள்.

அவருடைய மனைவி சுலோச்சனா அம்மா. தங்களுக்குள் தெலுங்கு பேசுவார்கள், மற்றவர்களிடம் கோயமுத்தூர்த் தமிழ். அந்த அம்மா அவரைத் திட்டிக்கொண்டே இருப்பார். மாத்திரை போடவில்லை என்று திட்டு, போட்டதும் தண்ணீர் குறைவாகக் குடித்ததற்குத் திட்டு. எனக்கு அந்தத் தலையணைமீது பொறாமை இல்லை. தலையணை யாருக்கும் கிடைக்கும். அந்தத் திட்டின்மேல்தான் பொறாமை. நான் மாத்திரை போடாவிட்டால் நர்ஸ் காகிதத்தில் குறித்துக்கொள்வார். அவ்வளவுதான்.

சுலோச்சனா அம்மா ஆரஞ்சு உரித்தால் பாதி எனக்கு வரும். "சாப்புடுங்க மாரப்பா, புளிப்பே இல்லைங்க" என்பார். உண்மையிலேயே புளிப்பு இல்லை. இருந்தும் அந்தப் பழம் எனக்கு இனித்ததில்லை. மீதிப் பாதி எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டுதான் தின்றேன்.

இரவில் அவர் நிம்மதியாகக் குறட்டை விடுவார். கீழே பாயில் அவருக்குத் துணையாக ஆள் படுத்திருந்தது. நான் மானிட்டரின் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். அது நின்றால் முதலில் யாருக்குத் தெரியும் என்று கணக்குப் போடுவேன். பயம் என்றால் எனக்கு அதுதான்.

வீட்டுக்கு அனுப்பும் முன், ஷமீமா என்கிற உணவு ஆலோசகர் வந்தார். கோட்டைமேட்டுப் பெண். கறாராகவும் சிரிப்பாகவும் பேசுவார்.

"வீட்ல யாருங்க சமைக்கறது?" என்று அண்ணனிடம் கேட்டார். அவர் மனைவியைக் கை காட்டினார். ஷமீமா அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டார்.

"உங்களுக்கு?" என்று என் பக்கம் திரும்பினார்.

"ஓட்டலுங்க."

"எந்த ஓட்டல்?"

"எந்த ஊர்ல இருக்கனோ அந்த ஊர் ஓட்டலுங்க."

"அப்ப நீங்களேதான் சமையல் வகுப்புக்கு வரணும் மாரப்பண்ணா. இனி உங்க ஓட்டலுக்கு நீங்கதான் மாஸ்டர்."

அந்த ஆஸ்பத்திரியில் வகுப்பு அப்படித்தான். நம் பக்கத்தில் ஆண்பிள்ளைக்குச் சமையல் சொல்லிக்கொடுத்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்று முடிவு செய்து, நோயாளியை விட்டுவிட்டு அவருக்குச் சமைப்பவரை உட்காரவைத்துப் பாடம் நடத்துவார்கள். நோயாளிகள் எல்லாம் வெளியே வராந்தாவில் சர்க்கரையில்லாத டீயைக் குடித்துக்கொண்டு ரியல் எஸ்டேட் பேசுவார்கள். உள்ளே அவர்களுடைய மனைவிமாரும் மருமகள்களும். நடுவில் நான்.

மத்தியதரைக் கடல் ஓரத்து மக்கள் சாப்பிடுகிற முறை என்று ஷமீமா ஆரம்பித்தார். கிரீஸ், இத்தாலி என்று ஊர்களைச் சொன்னார். காய், பழம், பயறு வகை நிறைய. தவிடு போகாத தானியம். பாதாம் வால்நட் மாதிரி கொட்டைகள். மீன் அடிக்கடி. ஆட்டுக்கறி எப்போதாவது. இனிப்பும் அப்படியே. நெய், வெண்ணெய்க்குப் பதிலாக ஆலிவ் எண்ணெய். பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தார்.

"இது எங்க பேரனுக்கு ஒடம்புல தேச்சு உடற எண்ணெயாச்சேங்க!" என்றார் சுலோச்சனா அம்மா. "மெடிக்கல்ல வாங்குவோம். இதுலயா தாளிக்கறது?"

வகுப்பே சிரித்தது. "அது வேறைங்கம்மா, அதுல தாளிச்சுப்போடாதீங்க" என்று ஷமீமா பதறினார். பிறகு எங்கள் நிலைமைக்கு மாற்றிச் சொன்னார். ஆலிவ் எண்ணெய் கட்டுப்படியாகாதவர்கள் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ அளந்து ஊற்றலாம். பாதாமுக்குப் பதிலாகக் கைப்பிடி நிலக்கடலை. பெரிய மீன் வேண்டாம், மத்தி போதும். கொள்ளு, தட்டைப்பயறு, கீரை எல்லாம் நம்முடையவைதான். அரிசியைக் குறைத்துக் கம்பும் சோளமும் சேர்க்க வேண்டும். தேங்காய் அரைத்து ஊற்றுவதைக் குறைக்க வேண்டும். பொள்ளாச்சிக்காரப் பெண் ஒருவருக்கு இதுமட்டும் கடைசிவரை ஒப்பவில்லை.

"மூணு மாசம் எல்லாரும் ஒழுங்கா இருப்பீங்க" என்றார் ஷமீமா. "வகுப்பு முடிஞ்ச பின்னாடிதான் இருக்குது. மூணு வருஷம் கழிச்சுக் கூப்பிட்டுப் பாப்பேன், யாரு இன்னும் இப்படிச் சாப்பிடறீங்கன்னு. சாப்பாடு மருந்து மாதிரி இல்லைங்க, பாதியில நிறுத்தினா யாருக்கும் தெரியாது. ஒடம்புக்கு மட்டும் தெரியும்."

வகுப்பு முடிகிற நேரத்தில் வராந்தாவில் இருந்த ஆண்கள் எழுந்து வருவார்கள். பைகளைத் தூக்கிக்கொள்வார்கள். அண்ணன் என்னைப் பார்த்து, "ஏனப்பா மாரப்பா, இன்னைக்கு என்ன கொழம்பு கத்துக்கிட்ட?" என்று கேலி செய்வார். சிரிப்பேன். அன்று ராத்திரியே அந்தக் குழம்பு அவருக்கு முன்னால் வந்துவிடும் என்று எனக்குத் தெரியும்.

பிறகுதான் சிங்காநல்லூர் குடோன் வேலை. தகரக் கூரை போட்ட அறை, அதில் அந்த ஒற்றை அடுப்பு. என் வாழ்க்கையில் ஒரே இடத்தில் மூன்று வருஷம் இருந்தது அங்கேதான். உக்கடம் மீன் மார்க்கெட்டில் மத்தி வாங்கி, மிளகும் புளியும் போட்டுக் குழம்பு வைப்பேன். கொள்ளை வேகவைத்துச் சின்ன வெங்காயத்தை அரிந்துபோட்டு, மேலே ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய். கம்பஞ்சோற்றுக்குக் கீரைக் கடைசல். மாத்திரையை விட்டதில்லை. பீடியை விட்டுவிட்டேன்.

உடம்பின்மேல் அக்கறை என்று நினைத்துவிட வேண்டாம். எண்ணெயை ஸ்பூனில் அளக்கும்போதெல்லாம் எனக்குப் பக்கத்துக் கட்டில்தான் ஞாபகம் வரும். அவருக்கு வீடு, மனைவி, வராந்தா நிறையச் சொந்தம். ஒரு விஷயத்திலாவது அந்த மனிதரை நான் ஜெயிக்க வேண்டும். பாதாம் தின்கிறவரை நிலக்கடலை தின்கிறவன் ஜெயிக்க வேண்டும். அந்த எரிச்சல்தான் மூன்று வருஷம் என்னைப் பத்தியத்தில் வைத்திருந்தது.

சொன்னபடியே ஷமீமா கூப்பிட்டார். அறையைக் காலி செய்த அதே நாள். சாக்கோடு போனேன். ரத்தம் எடுத்தார்கள். எக்கோ பார்த்தார்கள். அது ஜெல்லைத் தடவி, சத்த அலையை அனுப்பி, இதயம் எவ்வளவு பலமாகப் பிழிகிறது என்று பார்ப்பது. டிரெட்மில்லில் ஓடவிட்டார்கள். எங்கள் வகுப்பிலிருந்து வந்தவர்களில் என் ரிப்போர்ட்தான் நன்றாக இருந்தது. கெட்ட கொழுப்பு டாக்டர் சொன்ன அளவுக்குள்ளேயே நின்றிருந்தது.

"எல்லாரும் மாரப்பண்ணாவைப் பாருங்க" என்றார் ஷமீமா. "பெரிய கிச்சன் இல்லை, ஒத்தை அடுப்பு. எப்படிங்கண்ணா விடாம இருந்தீங்க?"

எழுந்து நின்றேன். மூன்று வருஷமாக இந்த நிமிஷத்துக்குத்தான் காத்திருந்தேன். ஓரக்கண்ணால் வேணு அண்ணனைத் தேடினேன்.

அண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை. எடை கூடியிருந்தார். டிரெட்மில்லைப் பாதியில் நிறுத்திவிட்டார்களாம். மறுபடி ஆஞ்சியோகிராம் பார்க்க வேண்டி வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சுலோச்சனா அம்மா பக்கத்தில் நின்று திட்டிக்கொண்டிருந்தார்.

"நான் பண்ணாத கொழம்பாங்க? ஊட்ல ஒரு சொட்டு நெய் கெடையாது. ஆனா கல்யாணம், காதுகுத்து, சீர், புதுமனைன்னு வாரத்துக்கு ரெண்டு அழைப்பு. இவரு போயி உக்காந்தாப் போதும், ஊட்டுக்காரங்களே வந்து நின்னு ஜாங்கிரி வெக்கறாங்க."

"எப்படி அம்மணி வேண்டாங்கறது?" என்றார் அண்ணன், குழந்தையைப் போல. "பொண்ணக் கட்டிக்குடுக்கறவன் கையில தட்டோட வந்து நிக்கறான். மூஞ்சிய எப்படிப் பாக்கறது?"

நான் மெதுவாக உட்கார்ந்தேன். ஷமீமா கேட்டதற்கு பதில் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எப்படி விடாமல் இருந்தேன்? மூன்று வருஷத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகைகூட எனக்கு வரவில்லை. ஒருவரும் தட்டோடு வந்து நிற்கவில்லை. வேண்டாம் என்று நான் யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஜெயித்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தோற்ற மனிதரைப் பார்த்து மறுபடியும் வயிறு எரிந்தது. அவரைக் கெடுப்பதற்கே ஓர் ஊர் இருக்கிறது.

அண்ணனும் அந்த அம்மாவும்தான் என்னைக் காரில் தங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். சாக்கைப் பார்த்து சுலோச்சனா அம்மா விசாரித்தார். சொன்னேன். யோசித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"பின்னாடி ரூம் ஒன்னு சும்மாதான் கெடக்குதுங்க. சிலிண்டர் மாட்டிக்கலாம். இவருக்கும் உங்களுக்கும் ஒரே சமையல். சம்பளம் தாரோம். வேலை என்னன்னா, விசேஷத்துக்குப் போனா இவரு பக்கத்து இலையில நீங்க உக்காரோணும். எவன் வந்து எதை வெச்சாலும் வேண்டாம்னு சொல்லோணும்."

"அதை நீங்க சொல்லலாமேங்க?"

"நான் சொன்னா, 'பொண்டாட்டி உடமாட்டேங்கறா'ன்னு சிரிச்சுப்போட்டு இன்னொன்னு சேத்தி வெப்பாங்க. பையன் சொன்னா மரியாதை தெரியாதவன்னு ஆயிரும். ஒறவு மொறையில யாரு தடுத்தாலும் கோவம் வந்துருமுங்க. நீங்கன்னா யாருக்கும் ஒன்னுமில்லைங்களே. உங்க மேல யாரு கோவிச்சுக்கப் போறாங்க?"

அந்த அம்மா கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. இருந்தாலும், அண்ணனைக் கெடுக்க ஓர் ஊர், காக்க நானா என்று பொறாமை பொங்கியது. கையில் இருந்த மோர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தேன். "எனக்கு ஆனைமலைல வேலை இருக்குதுங்க" என்றேன். அங்கே வேலை இல்லை.

இப்படித்தான் அவிநாசி ரோட்டைத் தாண்டி, சாக்கோடு நடந்துகொண்டிருந்தேன். யாருக்கும் ஒன்றுமில்லை என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. அதற்குச் சம்பளம் தருகிறேன் என்று ஒருவர் சொல்வதுதான் புதிது.

பஸ் ஸ்டாண்ட் எதிரில் ஒரு பரோட்டாக் கடை. பசித்தது. அடுப்பு என் முதுகில் இருந்தது, இறக்கிப் பற்றவைக்க இடம் இல்லை. மூன்று வருஷத்தில் முதல்முறையாக உட்கார்ந்து பரோட்டா சொன்னேன். பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றினார்கள். எண்ணெய் வாழையிலையில் ஓடியது. இரண்டு வாய் தின்றிருப்பேன். மாஸ்டர் என் தலைக்கு மேலே பார்த்தபடி கேட்டார்:

"வேற ஏதாச்சும் வேணுமாங்க? இல்லைன்னா சித்த வேகமா எந்திரிங்க, ஆளு நிக்குது."

மீதியை அப்படியே மடித்துப் போட்டுவிட்டு எழுந்தேன். அந்த ராத்திரி பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். ஆனைமலை பஸ் வந்தது, போனது.

விடிந்ததும் பீளமேட்டுக்கு நடந்தேன். கேட்டுக்கு முன்னால் கார் ஸ்டார்ட்டில் நின்றது. அண்ணன் பட்டு வேட்டியில், சுலோச்சனா அம்மா பட்டுப் புடவையில். அண்ணனுக்கு மச்சான் முறையான ஒருவரின் மகளுக்கு முகூர்த்தம். என்னைப் பார்த்ததும் அந்த அம்மா கார் கதவைத் திறந்துவிட்டார்.

"சாக்கை உள்ள வெச்சுப்போட்டு ஏறுங்க. இந்தாங்க, இவரு சட்டை. உங்களுக்குச் சரியாத்தான் இருக்கும்."

சட்டை தொளதொளவென்று இருந்தது.

பந்தியில் அண்ணனுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தேன். அப்படி ஓர் இலையின் முன்னால் நான் உட்கார்ந்து வருஷக்கணக்காகிவிட்டது. பொரியலும் சாம்பாரும் வந்தன. அண்ணன் ஒழுங்காகத்தான் இருந்தார். பிறகு பெண்ணின் அப்பாவே தட்டோடு வந்தார். தட்டில் ஜாங்கிரி, நெய் மினுமினுத்தது.

"ஏனுங் மாமா, ஒன்னே ஒன்னு. நம்ம புள்ளை கல்யாணம்."

அண்ணனின் முகம் இளகுவதைப் பார்த்தேன். வலது கையை நீட்டி அவர் இலையின்மேல் வைத்து மூடினேன்.

"அவருக்கு வேண்டாமுங்க."

பெண்ணின் அப்பா திகைத்துப்போனார். "நீங்க யாருங்க?"

"வேலைக்காரனுங்க. வேண்டாம்னு சொல்ற வேலை."

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டார். கோபம் இல்லை. சுலோச்சனா அம்மா சொன்னது சரி. ஆனால் பெண்ணின் அப்பா நகரவில்லை. தட்டை என் பக்கம் திருப்பினார்.

"அதெப்படிங்க, பந்தியில உக்காந்து வெறும் இலையோட எந்திரிக்கறதா? அப்ப நீங்க ரெண்டா வெச்சுக்கோங்க. எங்க புள்ளைய வாழ்த்தோணுமல்ல?"

கிடுக்கியில் ஜாங்கிரி என் இலைக்கு நேராக இறங்கி வந்தது. ஒரு மனிதர் குனிந்து, என் முகத்தைப் பார்த்து, சாப்பிடச் சொல்லிக் கெஞ்சுகிறார். என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணன் ஏன் மூன்று வருஷம் தோற்றார் என்பது மட்டும் தெரிந்தது. ஒரு கை அவர் இலைமேல் இருந்தது. இன்னொரு கையைத் தூக்க மனசு வரவில்லை.

அப்போது என் இலையின்மேல் ஒரு கை வந்து விழுந்தது. மோதிரம் போட்ட, கனத்த கை.

"எனக்கில்லாம இவன் மட்டும் திம்பானா?" என்றார் அண்ணன். குரலில் நிஜமான எரிச்சல். "நான் பாத்துட்டு உக்காந்திருக்கறதா? அதெல்லாம் ஆகாது. எடுத்துட்டுப் போ மாப்ளே அக்கட்ட."